வைக்கோற் கட்டும் தும்புக் கயிறும்



சூடடித்த பின் வைக்கோலைக் கட்டிவைப்பது சிறு வேலைதான். ஆயினும், எதனாற் கட்டுகிறோம் என்பதிலே ஒரு பசுவின் உயிர் தங்கியிருக்கக் கூடும். அக்குறணையில் எமது அயலவர் ஒருவரின் பசு, இரை தின்னாது, அசைபோடாது, சில நாட்களில் மாண்டது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது, வைக்கோலோடு உட்சென்ற பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டுகள் பந்துபோலத் திரண்டு கிடந்தன.

இத்துயரம் புதிதன்று. 1870களில் அமெரிக்காவிலே கதிர் கட்டும் இயந்திரங்கள் கம்பியையே கையாண்டன. அறுந்த கம்பி வைக்கோலிற் கலந்து மாடுகளைக் கொல்கிறது என்று உழவர் முறையிட்டனர். அப்பத்தாண்டின் இறுதியில் ஜோன் அப்பிள்பி என்பார் நார்க்கயிற்றை முடிச்சிடும் கருவியை அமைத்தார். கதிர் கட்டுவதிற் கம்பி வழக்கொழிந்தது.

நமது நாட்டில் எளிதிற் கிடைக்கும் நார் தென்னந்தும்பே. காலி, மாத்தறைக் கரையோரங்களில் பொச்சுமட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்து, தடியால் அடித்துத் தும்பெடுத்து, இராட்டினத்தில் திரிப்பர். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, இரு புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவதனாலேயே கயிறு தானாகப் பிரிவதில்லை. இதனை வகுப்பறையில் இரண்டு நூல்களைக் கொண்டே மாணவர்க்குக் காட்டிவிடலாம்.

கடையில் வாங்கும்போது நுனியைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். நார் நீளமாயும் முறுக்குச் சீராயும் இருத்தல் வேண்டும். பூஞ்சண வாடை வீசினால் வாங்க வேண்டாம். தும்புக் கயிறு சொரசொரப்பானது. ஆதலின் முடிச்சு எளிதில் நழுவாது. ஆனால் தடிப்பும் ஒழுங்கின்மையும் உடையதாகையால் கட்டும் இயந்திரத்திற் சிக்கிக்கொள்ளும். அதற்கு மெல்லிய கற்றாழை நார்க்கயிறே ஏற்றது. அக்கயிற்றிற் சிலவகைக்கு எண்ணெயும் எலி விரட்டும் மருந்தும் ஊட்டியிருப்பார்கள். அதனை நெல் மூட்டைக்குப் பயன்படுத்தலாகாது. சாக்கின் வாயைக் கட்டச் சணல் போதும்.

ஒன்றை மறைக்காது கூறவேண்டும். தும்பையும் பசு செரிக்க மாட்டாது. சாணக்குவியலில் விழுந்தால் அது நாளடைவில் உக்கும். பிளாஸ்டிக்கோ உக்காது, மழைக்குப் பிங்கா ஓயாவிற்கே போய்ச் சேரும். மாடு தின்றாலும் கேடில்லாதது, நம் முன்னோர் வைக்கோலையே முறுக்கிச் செய்த புரி. தொலைவிற்கு ஏற்றிச் செல்லும் கட்டுக்கு அது தாங்காது. தொழுவத்தருகே அடுக்கும் கட்டுக்குத் தாராளமாகப் போதும்.

எக்கயிறாயினும் வைக்கோலை உதறுமுன் கழற்றிவிடுங்கள். தும்புக் கயிற்றை வெட்டாது முடிச்சவிழ்த்துத் தொழுவத்து ஆணியில் தொங்கவிட்டால், பெரும்போகத்திற் கட்டியது சிறுபோகத்திற்கும் உதவும்.