பாக்கு மணக்கும் பழைய டீ

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரம். டீக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து இங்கே லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்று வேலை செய்பவர்களுக்கு அந்த ஒரு கிளாஸ் டீதான் தெம்பு. "ஸ்ட்ராங்கா ஒண்ணு", "சக்கரை கம்மி", "பை-டூ" என்று நாலு பக்கமும் குரல். ஒரு டீயை இருவர் பங்கிட்டுக் கொள்வதற்குப் பெங்களூரில் பை-டூ என்று பெயர்.

கடைக்காரர் தூளை மாற்றிவிட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறவர்கள் நம்மவர்கள். டீ ருசி பார்ப்பதற்குத் தனியாகப் படிப்பு ஒன்றும் வேண்டாம். அந்த நாக்கே போதும். அதே நாக்கை வைத்துக்கொண்டு பத்து வருஷம், இருபது வருஷம் கிடங்கில் கிடந்த சீனத் தேயிலையையும் வீட்டில் ருசி பார்க்கலாம். இப்போது இந்தியாவிலும் அப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையம் வழியே சிறு பொட்டலங்களாக அது வருகிறது.

பழைய டீயா? ஆறு மாதம் போனாலே தூளில் மணம் போய்விடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மாவு புளிப்பதும் காய் கறுப்பதும்

நீலகிரி டீ பாக்டரிக்குள் போய் வந்தவர்கள் "பெர்மென்டேஷன்" என்று ஒரு கட்டம் சொல்லக் கேட்டிருப்பார்கள். பறித்த இலையை வாட்டி, மெஷினில் நசுக்கி, பரப்பி வைப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பச்சை இலை செம்பு நிறத்துக்கு வரும். பெயர்தான் பெர்மென்டேஷன். உண்மையில் அங்கே புளிப்பது எதுவும் இல்லை. வாழைக்காயை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா, அதே வேலைதான். பிறகு சூட்டில் உலர்த்தியதும் அது நின்றுவிடும். அதனால்தான் நம் தூள் புதிதாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது. வைத்தால் மணம் போகிறதே தவிர, புதிதாக ஒன்றும் வருவதில்லை.

சீனாவின் "கறுப்பு இலை" வேறு ஜாதி. அங்கே நடப்பது இட்லி மாவு புளிப்பது போன்ற காரியம். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் நுண்ணுயிர்களும் இலையில் குடியேறி, துவர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, வேறு மணத்தை உண்டாக்குகின்றன. பச்சைத் துவர்ப்பு குறைந்து சாறு கறுத்துக் குழைகிறது. புதுப் புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த வீட்டுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வகையில் பெரிய பெயர் பூ-எர். பர்மாவை ஒட்டிய யுன்னான் மாகாணத்துச் சரக்கு. வெயிலில் உலர்த்திய இலையை ஆவியில் இளக்கி, தோசைக் கல் மாதிரி வட்டமான வில்லையாக அழுத்துகிறார்கள். வழக்கமான எடை ஒரு வில்லை 357 கிராம். ஏழு வில்லை சேர்த்து மூங்கில் மட்டையில் ஒரு கட்டு, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ.

இதில் இரண்டு வகை. ஷெங் என்பது பச்சை வகை. அப்படியே வைத்தால் பல வருஷத்தில் தானாகப் பக்குவமாகும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத வியாபாரத்துக்காக 1973-ல் குன்மிங் பாக்டரியில் ஒரு குறுக்கு வழி தயார் செய்தார்கள். இலையை ஆளின் இடுப்பளவு குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி விடுவது. நனைந்த வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சுடுமே, அது போல உள்ளே சூடு ஏறும். அவ்வப்போது கிளறிக் கொடுத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் இலை கறுத்துவிடும். இது ஷோ வகை.

இன்னொரு விசேஷம். யுன்னானின் அகல இலைச் செடியும் அசாம் செடியும் ஒரே இனம். அந்த அசாமிலேயே சிங்போ மக்கள் தேயிலையை மூங்கில் குழாயில் அடைத்து அடுப்புக்கு மேலே புகையில் வைத்து, பல காலம் கழித்து எடுத்துக் குடிக்கிறார்கள். பழைய டீ இந்தியாவுக்கு அடியோடு புதியதல்ல.

ஈயச் சுரங்கத்தின் டீ

ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அறிய வேண்டியது பூ-எரை விட லியு பாவ் என்ற டீயின் கதையைத்தான். குவாங்சி மாகாணத்தில் ஊச்சோ நகரத்துப் பக்கம் விளைவது. மூங்கில் கூடையில் திணித்துக் கட்டி அனுப்புவார்கள். இதன் பெருமை பாக்கு வாசனை. சீனர்களே அதைப் "பாக்கு மணம்" என்றுதான் சொல்கிறார்கள். வெற்றிலை பாக்கு போடுகிற ஊர்க்காரர்களுக்குப் பாதி பரீட்சை அங்கேயே பாஸ்.

மலேயாவில் கிந்தா பள்ளத்தாக்கு, ஈப்போ நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தின் வெள்ளீயத்தில் பாதியளவு மலேயாவிலிருந்து போயிற்று. "ஈய லம்பம்" என்று அங்குள்ள தமிழர் சொல்லும் அந்தச் சுரங்கங்களில் தென் சீனத்துக் கூலிகள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். அதே காலத்தில் அதே நாட்டில் ரப்பர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் உழைத்தவர்கள் நம் ஜனங்கள்.

சுரங்கக் கூலிக்கு இடுப்பளவு தண்ணீரில் வேலை. மேலே கொளுத்தும் வெயில். சூட்டையும் உடம்பில் ஊறிய ஈரத்தையும் லியு பாவ் எடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து நாள் முழுவதும் குடிப்பார்கள். முதலாளிகளே இந்த டீயை வாங்கிக் கொடுத்ததும் உண்டு. மலிவான சரக்கு. நாள் கணக்கில் கப்பலில் வந்து, மாதக் கணக்கில் கடைக் கிடங்கில் கிடந்து, அந்தப் புழுக்கத்திலேயே பக்குவமானது.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரத்தையே நிறுத்தினார்கள். கிந்தாவில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கூலிகள் போன பிறகு கூலிகளின் டீயை யார் வாங்குவார்? கூடை கூடையாகக் கடைகளில் தங்கிவிட்டது.

பின்னால் நடந்தது வேடிக்கை. இந்த நூற்றாண்டில் பழைய டீ மோகம் கிளம்பியபோது, சீனாவிலிருந்தே ஆட்கள் மலேசியாவுக்கு வந்து அந்தக் கூடைகளைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். சுரங்கத்தில் வேர்வை சிந்தியவன் தாகத்துக்குக் குடித்த டீ, கிராம் கணக்கில் நிறுத்து விற்கும் சாமானாகிவிட்டது. அதைக் குடித்தவர்களுடைய பேரப் பிள்ளைகளே அதை வாங்க யோசிக்க வேண்டும்.

மூன்று டம்ளர் பரீட்சை

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். ஒரே அளவுள்ள மூன்று டம்ளர், ஒரு வடிகட்டி, சமையலறைத் தராசு. ஸ்பூனால் அளந்தால் ஏமாந்து போவோம். இறுகிய வில்லைத் துண்டு கனக்கும், உதிரி இலை லேசாக நிற்கும். சில்வர் டம்ளரை விடக் கண்ணாடியோ பீங்கானோ நல்லது, நிறம் தெரியும், கையும் சுடாது.

டீ வியாபாரத்தில் ருசி பார்ப்பவர்களுக்கு 1980-ல் வந்த சர்வதேச அளவு ஒன்று உண்டு. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிஷம். மூன்று டம்ளரிலும் இப்படிப் போட்டால் ஒவ்வொன்றின் குற்றமும் வெளியே வந்துவிடும். குணம் தெரிய வேண்டுமானால் சீனர் முறை. 100 மில்லிக்கு 5 கிராம் இலை. முதல் தண்ணீரை ஊற்றியவுடன் கொட்டிவிட வேண்டும். தூசு போகும், வில்லையும் இளகும். அடுத்த தண்ணீர் பத்து விநாடி. அதற்கடுத்தது பதினைந்து. நல்ல இலை ஏழெட்டுத் தரம் தாங்கும். சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு இது சந்தோஷ சமாசாரம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரில் டீயின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும், நிறம் மங்கும். கேன் தண்ணீரே உத்தமம். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். குன்மிங் இதைவிட உயரமான ஊர்.

பாலும் சக்கரையும்? கிடையாது. சக்கரைக்குத் தெற்கே வழங்கும் சீனி என்ற பெயரே சீன தேசத்தை ஒட்டி வந்ததுதான், ஆனாலும் சீனன் டீயில் அதைப் போடுவதில்லை. தேயிலையில் உள்ள "தே"யும் சீனத் துறைமுகப் பேச்சுத்தான். கடல் வழியே நமக்கு வந்தது. கன்னடக்காரர் சொல்லும் "சஹா" அதே சீனத்தின் வேறொரு வட்டாரப் பேச்சு.

முதல் டம்ளரில் இளம் ஷெங். மஞ்சள் சாறு. கசக்கும், நாக்கை இழுக்கும். முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிடக் கூடாது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் தொண்டை இனிக்கிறதே, அந்த இனிப்பு அரை நிமிஷத்தில் ஊறி வரும். வராவிட்டால் சரக்கு மட்டம். வருஷம் ஏறிய ஷெங்கில் கசப்பு அடங்கி, கற்பூரமும் மரப்பெட்டியும் கலந்த மணம் நிற்கும்.

இரண்டாவது ஷோ. காப்பி டிக்காஷன் போலக் கறுப்பு. முதல் மழை நனைத்த மண் வாசனை. கசப்பில்லை, வழவழவென்று இறங்கும். புதிதாகக் குடிக்கிறவர்களுக்கு இதுதான் எளிது. மீன் நாற்றம் அடித்தால் குவியலில் பக்குவம் தவறிய சரக்கு அல்லது இன்னும் காற்றாடாத புதுச் சரக்கு.

மூன்றாவது லியு பாவ். செங்கல் சிவப்பு. பாக்கு மணத்தைத் தேட வேண்டும். முதல் வாயில் அகப்படாமல் மூன்றாவது தண்ணீரில் மெல்ல வரும். அன்று காலையிலிருந்து வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் ஆகாது என்பது சிலருக்குக் கஷ்டமான நிபந்தனை.

இலையில் பூஞ்சை தெரிந்தால் என்ன செய்வது? ஹூனான் மாகாணத்துச் செங்கல் டீ போன்றவற்றில் உள்ளே பொன் நிறப் பொட்டுகள் இருக்கும். அதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். மற்றபடி வெள்ளையாக, பச்சையாக, கறுப்பாகப் பஞ்சு மாதிரிப் படர்ந்திருந்தால் காசைப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

75 என்றால் 1975 அல்ல

இங்கேதான் பர்ஸ் காலியாகும் இடம். வில்லையின் காகிதத்தில் 7542 என்று ஒரு நம்பர் இருக்கும். "1975-ம் வருஷத்து டீ, கடைசி வில்லை" என்று விற்பவர் அளப்பார். வாகன் நம்பர் போல இதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு எண் அந்தக் கலவை முதலில் தயாரான வருஷம். மூன்றாவது எண் இலையின் தரம். கடைசி எண் பாக்டரி. ஒன்று குன்மிங், இரண்டு மெங்ஹாய், மூன்று ஷியாகுவான். போன வருஷம் அழுத்திய வில்லைக்கும் 7542 என்றே பெயர் இருக்கும்.

வயதை நிரூபிக்கும் பத்திரம் எதுவும் டீக்குக் கிடையாது. காகிதம் அச்சடிப்பது சுலபம். ஈரத்தில் போட்டு அவசரமாகப் பழசாக்குவதும் சுலபம். சீனாவிலேயே பூ-எர் வில்லையை நிலம், தங்கம் மாதிரி வாங்கிக் குவித்தார்கள். 2007-ல் விலை தலைகுப்புற விழுந்து, கடன் வாங்கி வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து "பத்து வருஷத்தில் பத்து மடங்கு" என்ற பேச்சில் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ருசி பார்க்க 25 கிராம் போதும். ரூம்காரர்கள் நாலு பேர் பங்கு போட்டால் பை-டூ கணக்கில் முடிந்துவிடும்.

கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரை வியாதியைப் போக்கும் என்று எழுதி விற்பதையும் நம்ப வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு டீ குடிப்பது ஆபத்து. வெறும் வயிற்றில் குடித்தால் புரட்டும். சாப்பிட்டவுடன் எந்த டீயைக் குடித்தாலும் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

நடுவட்டத்துச் சீனர்கள்

சீனர் கை பட்ட தேயிலை நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. நீலகிரியில் பழைய தோட்டங்கள் பல சீன வித்தில் தொடங்கியவை. 1860-களில் மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கொண்டு வந்த சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்து, சின்கோனா தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். விடுதலையான சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷம் கழித்து அதே மலையில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பிய நம்மவர்களுக்காக 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. நாலாவது டம்ளர் ஒன்று வைத்து அந்த நீலகிரி இலையையும் பால் விடாமல் போட்டுப் பார்க்கலாம். அதன் பூ மணம் சீனச் சரக்கு எதிலும் கிடைக்காது.

மீதம் இருந்தால் எடுத்து வைப்பது எப்படி? பிரிஜ் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். லியு பாவ் போன்றவற்றுக்குக் காற்று கொஞ்சம் போய் வர வேண்டும். வாசனை போன மண் ஜாடியில் போட்டுத் துணியால் வாய் கட்டி, இருட்டான அலமாரியில் வைக்கலாம். ஒற்றை அறைக் குடித்தனத்தில் பெரிய எதிரி சமையல்தான். பெருங்காயம், சாம்பார் பொடி, ஊதுபத்தி எல்லாவற்றையும் இந்த இலை குடித்துவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பாக்குக்குப் பதில் ரசம் மணக்கும். சமையல் மேடையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. எட்டுத் தண்ணீர் கண்ட சக்கை ரோஜாத் தொட்டிக்கு ஆகும்.