சங்கு ஊதினால் மட்டும் போதுமா?

காலை ஷிப்டு ஆரம்பிக்கும் நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக அரை மணி நேரம் நின்று பாருங்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, கண்ணில் மிச்சத் தூக்கம், காலில் அவசரம். ஆள் வருவதற்குச் சங்கு போதும். அவனோடு மனசும் வந்ததா என்பதை எந்த முதலாளி எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியோடு நான் போய் உட்கார்ந்தது ஒரு டீக்கடையில். பக்கத்தில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர். எந்தத் தொழிற்சாலை என்பது நமக்கு வேண்டாம்.

"யோசனை இருந்தால் எழுதிப் பெட்டியிலே போடு என்றார்கள், தம்பி. போட்டேன். நாங்கள் தூக்கி வைக்கிற இரும்புத் தட்டு கனமோ கனம். ஒரு கப்பியும் சங்கிலியும் கட்டினால் இடுப்புத் தப்பும் என்று எழுதினேன்."

"என்ன ஆயிற்று, ஐயா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தார்கள். பூட்டுக்குச் சாவியே இல்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது!"

சிரித்தார். ஆனால் எழுந்திருக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

இதே சாலையில் இன்னொரு கதையும் உண்டு. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து இங்கே புல்லட் தயாரிக்க ஆரம்பித்தன. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970-ல் மூச்சை நிறுத்திக்கொண்டது. திருவொற்றியூர்க் குழந்தை பிழைத்துக் கிடந்தது. ஆனாலும் 2000-ம் ஆண்டு வாக்கில் அதற்கும் கண்டம். விற்பனை படுத்துவிட்டது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று ஐஷர் நிறுவனத்தில் யோசனை. அப்போது 26 வயது சித்தார்த்த லால் என்ற வாரிசு, எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

மனிதர் நாற்காலியோடு நிற்கவில்லை. தம் வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்தார். பழுதுகள் அவருக்கு அறிக்கை வழியாக மட்டும் வரவில்லை. முதுகு வழியாகவும் வந்தன! 2009-ல் புது எஞ்சின் வந்தது. 2014-ல் விற்ற வண்டிகள் 3 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் மயிரிழையாக ஒரு பொன் கோடு ஓடுமே, பார்த்திருக்கிறீர்களா? பல்லாண்டுகளாகத் திருவொற்றியூரில் அதைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் கிடையாது. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. கணக்குப் பார்க்கும் நிர்வாகி முதலில் கை வைக்கக்கூடிய செலவு இதுதான். ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. இங்கே அப்படி நடக்கவில்லை. அந்தக் கோட்டையே தன் பெருமையாகக் கம்பெனி உலகத்துக்குச் சொல்லிற்று. எங்கோ அயல்நாட்டில் ஓடும் வண்டியில் தன் கைக்கோடு போகிறது என்று தெரிந்தவன், மறுநாள் காலை வேலைக்கு வரும் நடையே வேறாக இருக்காதா?

பெருமை மட்டும் அடுப்பில் உலை வைக்குமா என்று கேட்பீர்கள். வைக்காது. அதே கம்பெனியின் ஒரகடம் ஆலையில் 2018-ல் ஊதியக் கோரிக்கையோடு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத்தான் செய்தார்கள்.

இந்த வட சென்னைக்கு அது புதிதுமல்ல. 1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளிகள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானம் சோறு தின்ன இன்னும் கொஞ்ச நேரம்! அரை மணிக்குள் ஓடி, கையலம்பி, விழுங்கி, மறுபடி ஓட வேண்டும். செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் அவர்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்டார்கள், பி. பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. தோள் கொடுத்தார். அந்த ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னர் 1921-ல் நடந்த போராட்டம் மாதக்கணக்கில் நீண்டு, ரத்தமும் சிந்தியது. மில்லுக்குள்ளேயே யாராவது ஒரு துரை, ஒரு நாள் மத்தியானம், தூக்குச் சட்டியோடு ஓடுகிறவனை நிறுத்தி "என்னப்பா அவசரம்?" என்று கேட்டிருந்தால்? எனக்கு அடிக்கடி தோன்றும் சந்தேகம் இது.

டீக்கடைப் பெரியவரை விட்டுவிட்டேனே! கிளம்புமுன் கேட்டேன்: "அந்தக் கப்பி கடைசி வரை வரவே இல்லையா, ஐயா?"

"வந்ததே! நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து. என் மாப்பிள்ளை அங்கேதான் வேலை பார்க்கிறார், வந்து சொன்னார். புது மானேஜர் நேராக ஆட்களிடமே வந்து, 'இங்கே உங்களுக்கு எது கஷ்டம்?' என்று கேட்டாராம். எல்லோரும் ஒரே குரலாக அந்தத் தட்டைக் காட்டினார்களாம். ஒரே வாரத்தில் மாட்டிவிட்டார்."

"முதலில் எழுதியது நீங்கள்தான் என்று மாப்பிள்ளை சொல்லவில்லையா?"

"அவருக்கே இன்றைக்கு வரை தெரியாது, தம்பி" என்று பெரியவர் டீக்குக் காசை எண்ணி வைத்தார்.