படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா?

வெள்ளைக் கோட்டுக் கனவு – 9

நீட் மதிப்பெண், தரவரிசை, கவுன்சலிங் எல்லாம் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், கையில் ஒன்றுக்கு மேற்பட்ட சீட் வாய்ப்போடு தவிப்பவர்களுக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநில அரசுக் கல்லூரி கிடைக்கிறது; மாநில ஒதுக்கீட்டில் பக்கத்து மாவட்டத்துப் புதிய அரசுக் கல்லூரி கிடைக்கிறது; நடுவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தினமும் போன் செய்து அழைக்கிறது. எதில் சேர்வது?

சொந்தபந்தங்கள் முதலில் கல்லூரியின் பெயரைத்தான் விசாரிப்பார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது, ஸ்டான்லி 1938-இல். அவற்றுக்குள்ள மதிப்பு நியாயமானது. ஆனால் தமிழக அரசுக் கல்லூரிகள் பழையவையோ புதியவையோ, பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடையவைதான். வேறுபாடு வகுப்பறையில் இல்லை, வார்டில் இருக்கிறது.

ஓர் உதாரணம். மண்ணீரல் வீக்கத்தைக் கையால் கண்டறிய வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து, வலப்பக்க அடிவயிற்றில் விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, மெல்ல மெல்ல இடது விலாவை நோக்கி நகர வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது வீங்கிய மண்ணீரலின் விளிம்பு கீழே இறங்கி வந்து விரலில் இடிக்கும். புத்தகத்தில் இதற்கு நாலு வரிதான். விரலுக்குப் பழக, வீங்கிய மண்ணீரலோடு பல நோயாளிகள் வேண்டும்; ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து மாணவர்கள் முண்டியடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

ஆகவே, சேருமுன் ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி.யில் சீட்டு வாங்க வரிசை நிற்கிறதா? வார்டுப் படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா? 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்குக் குறைந்தது 605 படுக்கைகள் வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் கட்டில்களை நிரப்பிக் காட்டுவதும் இந்த நாட்டில் நடக்கிறது. அதனால் சொல்லாமல் போய்ப் பார்ப்பதே நல்லது.

அடுத்து, அங்குள்ள பயிற்சி மருத்துவர்களிடம் பேசுங்கள். எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், தையல் போட விடுகிறார்களா, உதவித்தொகை முழுதாகக் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் இந்தப் பதில்கள் இருக்காது.

தமிழகத்தில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 'புதுசு' என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை அடித்தளமாகக் கொண்டு வந்தவை என்பதால் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் செய்யும் வேலைகள் பல, இங்கே இளநிலை மாணவர் கைக்கு வரக்கூடும். அதே சமயம், உயர்சிறப்புத் துறைகளும் அனுபவம் மிக்க பேராசிரியர்களும் பழைய கல்லூரிகளில்தான் அதிகம். எந்தத் துறையில் ஆசிரியர் இல்லை என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. நாலரை ஆண்டுப் படிப்புக்கு, விடுதியும் சேர்த்தால் ஒரு கோடி. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு முதுநிலைப் படிப்பு காத்திருக்கிறது. இருக்கிற நிலத்தை இப்போதே விற்றுவிட்டால், அன்றைக்கு எதை விற்பது? 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

ஓர் எச்சரிக்கை. அகில இந்தியக் கவுன்சலிங்கில் 'அப்கிரேடு' கேட்டு அடுத்த சுற்றில் வேறு கல்லூரி கிடைத்துவிட்டால், முந்தைய சீட் தானாகவே ரத்தாகிவிடும். திரும்பக் கேட்க முடியாது. எனவே, கையில் உள்ளதைவிட உண்மையிலேயே மேலான கல்லூரிகளை மட்டும் விருப்பப் பட்டியலில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்ட முடிகிற, நோயாளிகள் நம்பி வருகிற, ஆசிரியர்கள் வார்டுக்கு வருகிற கல்லூரி எதுவோ, அதில் பிள்ளையைச் சேருங்கள். பெயர் அதற்கு அப்புறம்தான்.

(தொடரும்)