கட்டடக் கருவிகளை இனங்காணல்

பெருங் கட்டடங்களில் குளிரூட்டல், காற்றோட்டம், விளக்கு முதலியவற்றை ஆளும் சிறு கருவிகள் பல உள. முன்னர் ஒவ்வோர் உற்பத்தியாளரின் கருவியும் தனக்கென ஒரு மொழியே பேசிற்று. ஆதலின், ஒருவரிடம் வாங்கியோர் என்றும் அவரையே சார்ந்திருக்க நேர்ந்தது. இக்குறையைப் போக்குதற்கு, வெப்பமூட்டல், குளிரூட்டல் பொறியியலாளரின் அமெரிக்கச் சங்கமாகிய ஆஷ்ரே 1987 இல் தொடங்கிய முயற்சியின் பயனே, 1995 இல் வெளிவந்த 'பாக்நெற்' என்னும் பொதுமொழி.

இம்மொழியறிந்த மென்பொருள், "யார் உளர்?" எனக் கருவிகள் அனைத்தையும் ஒருங்கே வினவும். ஒவ்வொன்றும் "யான் உளேன்" எனத் தன் இலக்கத்தைக் கூறி விடையிறுக்கும். பின்னர் மென்பொருள் வெப்பநிலை முதலிய அளவுகளை அவற்றினின்று வாசிக்கும். வேண்டின் மாற்றவும் செய்யும். இலக்கம் 0 முதல் 4194302 வரை அமையலாம். இரு கருவிகள் ஒரே இலக்கம் பெறின், கட்டளை எதனைச் சேரும் என்பது உறுதியன்று. மேலும், இவ்வினா வலையமைப்பின் ஒரு பிரிவினின்று மறு பிரிவுக்குத் தானே செல்லாது. கடத்துதற்கு இடைநிலைக் கருவியொன்று வேண்டும். ஆகவே, விடை வாராமை கருவி இன்மைக்குச் சான்றாகாது.

எனினும், தொடக்கத்து வழக்கில் வினவுவோர் யாவர் எனக் கருவி ஆராய்வதில்லை. அயலார் வினவினும் விடை கூறும், கட்டளையிடினும் பணியும். சான்றிதழ் கொண்டு ஆளறியும் பாதுகாப்பு முறை 2019 இலேயே சேர்க்கப்பட்டது. பழைய கருவிகள் பல இன்றும் இயங்குதலின், அவற்றைப் பொது இணையத்தினின்று பிரித்துவைத்தலும், விடை கூறியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிடுதலும் கட்டட நிருவாகிகளின் கடன். பதிவேட்டில் இல்லாத கருவியொன்று விடை கூறின், அதனைக் காட்டிக்கொடுத்தலே அம்மென்பொருளின் தலையாய பயன் எனலாம்.