அச்சுத்தாளிலிருந்து எழுந்த யூனிக்ஸ்

கணிப்பொறி தானாக எதையும் அறியாது. விசைப்பலகையில் தட்டிய எழுத்தை வாங்குவது, கோப்பைத் தேடி எடுப்பது, நினைவகத்தில் எந்த நிரலுக்கு எவ்வளவு இடம் என்று பங்கிடுவது ஆகிய வேலைகளை முன்னின்று நடத்த ஒரு முதன்மை நிரல் வேண்டும். அதனையே இயங்குதளம் என்கிறோம். ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள் நடக்கும் பள்ளியில், எவ்வகுப்புக்கு எப்போது கரும்பலகை என்று வகுத்துத் தரும் கால அட்டவணையை அதற்கு ஒப்பிடலாம். இன்று வழங்கும் இயங்குதளங்கள் பலவற்றுக்கு மூதாதையாக விளங்குவது யூனிக்ஸ். அதன் முதல் வடிவம் அழிந்தொழியும் நிலையை எய்திப் பின்னர் மீண்டது. மீண்ட முறை தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பார் பணியாற்றி வந்தார். அங்கே அதிகம் பயன்படாமல் ஒரு பி.டி.பி.-7 கணிப்பொறி இருந்தது. அவருடைய மனைவி குழந்தையுடன் மூன்று வாரம் உறவினர் இல்லம் சென்றிருந்த காலத்தில், நிரலைத் திருத்தும் கருவி, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கருவி, இயங்குதளத்தின் உட்கரு ஆகியவற்றை வாரத்துக்கு ஒன்றாக எழுதி முடித்தாராம். அப்பொறியின் நினைவகம் 8,192 சொற்கள். சொல் ஒன்றுக்கு 18 பிட். இக்காலக் கணக்கில் 18,432 பைட் ஆகும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இடம் கொள்ளும்.

பின்னர்த் தாம்சனும் அவருடைய தோழர் டென்னிஸ் ரிட்சியும் பி.டி.பி.-11 என்னும் புதிய பொறிக்கு மாறினர். புதுவீடு புகுந்தவர் பழைய வீட்டின் சாவியைப் போற்றி வைப்பது அரிது. பி.டி.பி.-7-இல் இயங்கிய யூனிக்ஸ், நாடாவிலும் தட்டிலும் இல்லாமற் போயிற்று. எஞ்சியது தாளில் அச்சிட்ட நிரற் பிரதியே.

அத்தாள்களின் படங்களை வைத்துக்கொண்டு 2016-இல் ஆஸ்திரேலியரான வாரன் டூமியும் வேறு சில ஆர்வலர்களும் மீட்புப் பணியைத் தொடங்கினர். ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். பதிப்பாசிரியர் இடமறிந்து படித்தாக வேண்டும். மங்கிய அச்சிலும் அதே இடர்ப்பாடுதான். ஆங்கில எல் எழுத்தும் ஒன்று என்னும் எண்ணும் மயக்கும். ஓ எழுத்தும் சுழியும் மயக்கும். செய்யுளில் சீர் கெட்டால் செவி காட்டிக்கொடுக்கும். நிரலில் ஓரெழுத்துப் பிழைத்தால் பொறி நின்றுவிடும், அல்லது வேறொன்றைச் செய்யும். பிழை எங்கே என்று சொல்லாது.

படித்தெடுத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கருவியும் அந்தத் தாள்களுக்குள்ளேதான் கிடந்தது. அதை மாற்றுவதற்கு அதுவே வேண்டும்! ஆகவே இக்காலக் கணிப்பொறியில் புதிதாக ஒரு மாற்றுக்கருவியை எழுதி, அதன் துணையால் பழைய யூனிக்ஸைப் பொறிமொழியாக்கினர். 1969-இல் தாம்சனும் முதலில் இப்படியே வேறொரு பெரிய கணிப்பொறியில் மாற்றி, துளையிட்ட காகித நாடாவில் எடுத்து வந்தே தம் பொறியில் ஏற்றினார். பயனர் இடும் ஆணைகளை வாங்கி நடத்தும் 'ஷெல்' என்னும் நிரல் அத்தாள்களிற் காணப்படவில்லை. மற்றப் பகுதிகள் அதை எவ்வாறு எதிர்பார்க்கின்றன என்று ஆராய்ந்து அதனைப் புதிதாக எழுதிச் சேர்த்தனர். சுவடியில் சிதைந்த இடத்தை நிரப்புவோர் தாம் நிரப்பியதைக் குறித்துக் காட்டுவது போல, இதுவும் புதியது என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அதுவே நேர்மை.

இவ்வாறு மீட்ட யூனிக்ஸ் முதலில் ஓடியது, பி.டி.பி.-7 போல நடிக்கும் மென்பொருளில்தான். உண்மைப் பொறியில் ஓட்டுவது வேறு வேலை. அவ்வகைப் பொறிகள் ஏறத்தாழ 120 மட்டுமே செய்யப்பட்டன. இத்துணைப் பழைய பொறிக்கு உடனே முழு மின்சாரம் கொடுப்பது அறிவீனம். மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்த்து, கெட்டவற்றை மாற்ற வேண்டும். கறுத்த இணைப்பு முனைகளைத் துலக்க வேண்டும். கம்பிகளிற் கோத்த காந்த வளையங்களாலான நினைவகத்தைச் சோதனை நிரல்களால் வரிசையாக ஆராய வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் ஆலன் நிறுவிய 'லிவிங் கம்ப்யூட்டர்ஸ்' அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் ஒரு பி.டி.பி.-7 இருந்தது. யூனிக்ஸுக்கு வேண்டிய பழைய காந்தத் தட்டு அதனிடம் இல்லை. பொறியாளர்கள் அத்தட்டைப் போலவே விடையிறுக்கும் ஒரு மின்னணுக் கருவியைச் செய்து பூட்டினர். 2019-இல், யூனிக்ஸ் பிறந்து 50 ஆண்டு ஆன போது, அது தன் பிறப்பினப் பொறியில் மீண்டும் இயங்கிற்று.

ஆலன் 2018-இலேயே மறைந்துவிட்டார். அருங்காட்சியகம் 2020-இல் பெருந்தொற்றினால் மூடப்பட்டது. இனித் திறக்காது என்று 2024-இல் அறிவித்தனர். சேகரித்த பொருள்கள் பல ஏலத்துக்குச் சென்றன. பொறியை ஒரு தாளைப்போலப் படியெடுத்து நான்கு ஊர்களில் வைக்க முடியாது. நிரலைப் படியெடுக்க முடியும். அது இன்று எவரும் விலையின்றிப் பெறும்படி வெளியிடப்பட்டுள்ளது. பள்ளி அலுவலகத்து மேசைக் கணிப்பொறியே அதற்குப் போதும். நடிப்பு மென்பொருளை ஓடவிட்டு, பெயர் கேட்கும் இடத்தில் 'கென்' என்றும் கடவுச்சொல்லாக மறுபடி 'கென்' என்றும் ஆங்கில எழுத்தில் தட்டினால், 1969-இன் யூனிக்ஸ் அடுத்த ஆணைக்குக் காத்து நிற்கும்.