இந்தியா போய் வந்த ஒயினுக்குத் தனி மவுசு!

விற்காமல் திரும்பி வந்த சரக்கு என்றால் வியாபாரி தலையில் கை வைத்துக் கொள்வான். ஆனால், திரும்பி வந்ததாலேயே விலை கூடிய சரக்கு ஒன்று உண்டு. அதுதான் மதீரா ஒயின்.

மதீரா, அட்லாண்டிக் கடலில் மொராக்கோவுக்கு மேற்கே உள்ள மலைத் தீவு. போர்ச்சுக்கல் நாட்டுக்குச் சொந்தம். 18-ம் நூற்றாண்டில் லண்டனில் இருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த கம்பெனிக் கப்பல்கள் வழியில் இங்கே நிற்கும். தண்ணீர், காய்கறியோடு ஒயின் பீப்பாய்களும் ஏறும். சென்னைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடித்தது இதைத்தான்.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். பூமத்திய ரேகையைப் போக இரண்டு தடவை, வர இரண்டு தடவை கடக்க வேண்டும். கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் புழுக்கம், ஓயாத ஆட்டம். வேறு ஒயின் என்றால் வீணாகியிருக்கும். மதீராவில் திராட்சைச் சாராயம் கலந்திருந்ததால் தாக்குப் பிடித்தது.

திரும்பி வந்த பீப்பாயைத் திறந்து சுவைத்தவர்கள் அசந்து போனார்கள். ஊரிலேயே கிடந்ததைவிட அது பிரமாதமாக இருந்தது! பிறகு, வேண்டுமென்றே பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, சுற்றி வரச் செய்தார்கள். "சுற்றி வந்த ஒயின்" என்றே அதற்குப் பெயர். விலையும் அதிகம்.

மாடியில் வேகும் பீப்பாய்

இப்போது கப்பல் பயணம் இல்லை. மலிவு ரகத்தைத் தொட்டியில் ஊற்றி, 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, 3 மாதம் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு அது போதும். உயர்ந்த ரகத்துக்கோ அந்தக் குறுக்கு வழி கிடையாது. வெயில் காயும் மாடி அறைகளில், மர உத்தரங்களின் மேல் பீப்பாய்கள் கிடக்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். மிச்சம், பழம்புளி மாதிரி கறுத்துக் கெட்டிப்படும்.

அறுவடை ஆண்டைக் குறித்து விற்கும் உயர்ந்த ரகம் 20 ஆண்டாவது பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது விதி. மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் கையால்தான் பழம் பறிக்கிறார்கள். 30 வயதில் கூடை சுமந்தவருக்கு, அந்தப் பழத்தின் ஒயின் புட்டியில் அடைபடும்போது வயது 50 ஆகிவிடும்.

துப்புவதற்கா இவ்வளவு?

சுவை பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு முகர்வார்கள். கருகிய சர்க்கரை, வறுத்த பருப்பு, உலர்ந்த பழம் - இந்த வாசனைகள் வர வேண்டும். அப்புறம் ஒரு மிடறு. அதை நாக்கில் புரட்டிவிட்டுத் துப்பி விடுவார்கள்! மூக்கைப் பிடித்துக்கொண்டு சாராயத்தை விழுங்குகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

அவர்கள் தேடுவது இனிப்பை மட்டும் அல்ல, புளிப்பையும்தான். எத்தனை ஆண்டு ஆனாலும் மதீராவின் புளிப்பு மழுங்காது. அது இல்லாவிட்டால் வெறும் பாகு. நெடுங்காலம் அடைபட்டிருந்த புட்டியை முன்னதாகவே திறந்து காற்றாட விடுவார்கள். மற்ற பழைய ஒயின்கள் திறந்த சில நாளிலேயே கெட்டுவிடும். இது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

1850-களில் ஒரு பூஞ்சைநோய், 1872-ல் வேரைத் தின்னும் பூச்சி. இரண்டும் சேர்ந்து தீவின் கொடிகளை அழித்தன. பல தோட்டங்களில் கரும்பு ஏறியது. அதற்கு முந்தைய புட்டிகளைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு.

2017-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், லிபர்ட்டி ஹால் என்ற பழைய மாளிகையின் நிலவறையைப் பழுது பார்த்தபோது ஒரு சுவரை இடித்தார்கள். அங்கே மதுவிலக்கு இருந்த காலத்தில் எழுப்பியதாகக் கருதப்படும் சுவர் அது. பின்னால் பெட்டி பெட்டியாக மதீரா. ஆண்டு 1796!