மக்கென்சியின் வடதிசை வள்ளப் பயணம்

கனடாவின் வடபுலத்திற் சாலைகள் அமையுமுன் ஆறுகளும் ஏரிகளுமே பெருவழிகளாக விளங்கின. அவ்வழிகட்கேற்ற வள்ளத்தைப் படைத்தோர் அந்நாட்டின் ஆதிகுடிகளே. பூர்ச்ச மரப்பட்டையை மரச்சட்டத்திற் பொருத்தி, வேரிழையால் தைத்து, மூட்டுவாய்களைப் பிசினால் அடைத்தனர். அருவி குறுக்கிட்டவிடத்து அதனைத் தோளிற் சுமந்து செல்லலாம். பழுதுற்றாற் காட்டுப்பொருள் கொண்டே செப்பனிடலாம்.

இத்தகைய வள்ளங்களிலேயே, மென்மயிர்த்தோல் வாணிகரான அலெக்சாந்தர் மக்கென்சி 1789 யூன் 3ஆம் நாள் அதபாஸ்கா ஏரிக்கரையினின்றும் புறப்பட்டார். பசிபிக் சமுத்திரத்தை அடைதல் அவர் நோக்கம். கிரேட் சிலேவ் ஏரியிற் பனிக்கட்டி பல நாள் வழிமறித்தது. அவ்வேரியினின்று பாயும் பேராறு முதலில் மேற்கே சென்று நம்பிக்கை ஊட்டிற்று. பின்னர் வடக்கே திரும்பிற்று. யூலை நடுப்பகுதியில் அவர்கள் எய்தியது ஆட்டிக் சமுத்திரமே. 102 நாட்பயணத்தின் பின், செப்தெம்பர் 12ஆம் நாள் மீண்டனர்.

அவ்வாறு இன்று மக்கென்சியின் பெயரைத் தாங்குகின்றது. ஆயினும், அதன் கரைவாழ் தெனே மக்கள் அதனைப் பண்டே ‘பெரிய ஆறு’ எனும் பொருள்பட டெச்சோ என்றழைத்தனர். வழித்துணையாய் உடன்சென்றவரும் சிப்பேவையன் தலைவர் ஒருவரே. ஆதலின், மக்கென்சி புதிதாகக் கண்டது ஆற்றையன்று. ஐரோப்பியரின் நிலப்படத்திலிருந்த பிழையையே. அத்தெளிவு வீண்போகவில்லை, 1793இல் வேறு வழியாக அவர் பசிபிக் கரையை அடைந்தார்.